வினோஜா கத்தவில்லை

குடியேறியவர்கள் வீட்டுக்குள்ளும் அந்நாட்டு மொழியிலேயே பேசவேண்டும் என்பது சட்டம். வினோஜாவின் மணிக்கட்டில் பூட்டியிருந்த மின்னணுப் பட்டி, நாள் முழுவதும் கனிவான பெண்குரலில் அந்த மொழியைக் கற்றுக்கொடுத்தது. தமிழ் காதில் விழுந்தால் மேலிடத்துக்குத் தெரிவித்தது. இன்னொருமுறை பிடிபட்டால் நாடு கடத்திவிடுவார்கள். அந்த மொழி இன்னும் நாவில் வராததால், கர்ப்பகாலம் முழுக்க அவள் வாய் திறக்கவேயில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்த இரைச்சலில் கணவன் கஜீபனிடம் கிசுகிசுத்தாள்.

"வலி வந்தா 'அம்மா' எண்டு கத்திப்போடுவனப்பா. பயமாக் கிடக்கு."

"துவாயைக் கடிச்சுக்கொண்டு இரும். பிள்ளை பிறக்கட்டும், பிறகு பாப்பம்."

அப்படியே துண்டைக் கடித்துக்கொண்டு பெற்றாள். தாதி குழந்தையை அவள் மார்பில் கிடத்தினாள். அது வீறிட்டு அழுதது. கொஞ்ச நினைத்த வினோஜாவின் உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. முதுகை மட்டும் தடவினாள். அழுகை கூடியது.

அப்போது பட்டி அந்நாட்டு மொழியில் வாழ்த்துச் சொன்னது.

குழந்தை சட்டென்று அழுகையை நிறுத்தி, அவள் மணிக்கட்டின் பக்கம் முகத்தைத் திருப்பியது.

"தெரிந்த குரல் போல," என்று தாதி தன் மொழியில் சொல்லிச் சிரித்தாள்.