சாம்பியன் மாளிகை

கணினியின் உதவி எட்டிவிடக் கூடாது என்பதற்காக, பட்டம் வைத்திருக்கும்வரை சாம்பியன் அலைவரிசை புகாத மாளிகையிலேயே வாழ வேண்டும் என்பது விதி. உலக மகளிர் சதுரங்க சாம்பியன் செண்பகவல்லி அங்கே அடைபட்டு ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. சுவரில் முன்னாள் சாம்பியன்களின் படங்கள் தொங்கின. அவர்கள், இந்த விதி வருவதற்கு முன், ஆட்டம் முடிந்ததும் வீடு திரும்பியவர்கள். வேண்டுமென்றே தோற்கவும் இவருக்கு வழியில்லை. ஆடும்போது தலையில் கட்டும் பட்டை, தோற்கும் எண்ணத்தை அறிந்துவிடும்; நடுவர் காயைப் பழைய இடத்திலேயே வைத்துவிடுவார்.

இவ்வாண்டு எதிரில் வந்து அமர்ந்தவள் அவருடைய மகள் தேன்மொழி.

"என்ன கண்ணு இது?"

"வேற வழியில்லீங்கம்மா. நான் ஜெயிச்சா நீங்க ஊட்டுக்குப் போயிரலாம்."

"அப்ப நீயி?"

"நான் இங்கயே இருந்துக்கறேன். மூணு நேரமும் சோறு போடறாங்கல்ல?" என்று சிரித்தாள்.

செண்பகவல்லி சிரிக்கவில்லை. ஒன்பது ஆண்டுகளில் முதன்முறையாக, வென்றே தீர வேண்டும் என்று ஆடினார். முப்பத்தெட்டாம் நகர்த்தலில் தேன்மொழியின் யானை காவலின்றி நின்றது. அதை வெட்டினார். நடுவர் மறுக்கவில்லை.

"ஏனுங்கம்மா?" மகளின் குரல் உடைந்தது.

"ஊட்டுக்குப் போ கண்ணு. அடுத்த வருஷம் வந்தீன்னாலும் தோக்கடிப்பேன்."