நாற்பத்துமூன்று படி

ஒன்பதாவது சேலையையும் முறுக்கி, முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கினாள்.

மூன்று பிள்ளைகளை ஏணையில் ஆட்டிய முடிச்சு. யானையைப் போட்டு ஆட்டினாலும் அவிழாது.

ஒரு நுனி அவள் கட்டில் காலில். மறு நுனி நாற்பத்துமூன்று கற்படிகளுக்குக் கீழே, வாசற்சுவரின் இரும்பு வளையத்தில். ஒரு காலத்தில் குதிரை கட்டிய வளையம். குதிரைக்கு உதவியது மனிதருக்கு உதவாதா என்ன?

படிக்கட்டுக்கு ஐந்நூறு வயது. அவள் புருஷனுக்கு எழுபத்தொன்று.

இந்தக் குளிர்நாட்டுப் பழைய நகரத்தில் மரியாதை படிக்கட்டுக்குத்தான்.

அவருக்குப் பக்கவாதம் வந்து ஏழு மாதம். சுவரில் ஒரு கைப்பிடி வைக்க அனுமதி தாருங்கள் என்று மரபுக் காப்பு அலுவலகத்துக்கு எழுதினாள். ஆணி அடித்தால் சுவரின் வரலாறு புண்படும் என்று பதில் வந்தது. திரும்ப எழுதினாள். திரும்பத் திரும்ப எழுதினாள். அவள் கடிதங்களை அடுக்கினால் தேவாலயக் கோபுரம் குள்ளமாகத் தெரியும்.

எல்லாப் பதிலிலும் அதே ஆணி. அதே புண்.

பிறகு முதியோர் நல அலுவலகம் எழுதியது. தனியாகப் படியிறங்க முடியாதவர் அந்த வீட்டில் இருக்கக்கூடாது. ஊருக்கு வெளியே நல்ல இல்லம் இருக்கிறது. அவருக்கு மட்டும். வியாழன் காலை பத்து மணிக்கு வந்து பார்ப்போம்.

இரண்டு அலுவலகத்துக்கும் இடையே ஒரே ஒரு சுவர். அந்தச் சுவரில் மட்டும் எத்தனை ஆணி!

அவருக்கு மட்டும்.

அந்த இரண்டு சொல்லை அவள் ஒரு கிழமையாகக் கடைவாயில் போட்டு அரைத்துக்கொண்டிருந்தாள்.

மணி பத்து. கீழே இருவரும் வந்து நின்றார்கள். நல அலுவலகத்துப் பெண் கையில் படிவம். மரபுக் காப்பு அதிகாரி கழுத்தில் கேமரா.

மேலே புருஷன் கயிற்றைத் தடவிப் பார்த்தார். கல்யாணச் சிவப்பு. சரிகை.

“இது உம்மட கூறையெல்லே?”

“நாப்பது வருசமா அலுமாரிக்குள்ள சும்மா கிடந்தது. இண்டைக்கு வேலை செய்யட்டும். நீங்கள் காலைப் பாருங்கோ.”

அவள் முன்னால் இறங்கிப்போய்க் கீழே நின்றுகொண்டாள். ஒரு விரல் பட்டாலும் தனியாக இல்லை என்று எழுதிவிடுவார்கள்.

அவர் முதல் படியில் கால் வைத்தார்.

“இது என்ன?” என்றார் அதிகாரி.

“துணி,” என்றாள், அவர்கள் மொழியில், இலக்கணம் பிசகாமல். “காயப் போட்டிருக்கிறேன்.”

அதிகாரி சுவரை மேலும் கீழும் பார்த்தார். ஆணி இல்லை. குனிந்து வளையத்தைப் பார்த்தார். கீறல் இல்லை. கேமராவைத் தூக்கினார். எதை எடுப்பதென்று தெரியாமல் இறக்கினார்.

இருபதாவது படியில் கால் வழுக்கியது.

கயிறு விண்ணென்று இறுகியது.

நல அலுவலகத்துப் பெண் “ஐயோ” என்பதுபோல் ஏதோ சொன்னாள். முடிச்சுப் போட்டவள் அசையவில்லை. நகம் மட்டும் உள்ளங்கையைக் கிழித்தது.

முடிச்சு பிடித்தது.

அவர் நின்று மூச்சு வாங்கினார். பிறகு இருபத்தொன்று.

“எப்போது காயும்?” என்றார் அதிகாரி.

அவள் படிகளை எண்ணினாள். முப்பது. முப்பத்தைந்து. நாற்பது. அவருடைய சப்பாத்து தெருக்கல்லில் பட்டு ஓசை எழுப்பும்வரை வாய் திறக்கவில்லை.

“உங்கள் நாட்டு வெயிலிலா?” என்றாள்.

“கனகாலம் எடுக்கும்.”