புது இன்ஜின்

“கம்பளிப்பூச்சிக்கு மருந்து அடிக்க இதைவிட்டா வேற வழி இல்ல முதலாளி. ஒரே காலையில தொண்டூர் வரைக்கும் மல்லாட்டைக் கொல்லை அத்தனையும் அடிச்சு முடிச்சுடலாம்” என்றான் ராஜாராம்.

ராஜகிரி மலையடிவாரத்துப் பொட்டலில் அந்தச் சின்ன விமானம் வெயிலில் மின்னியது. செஞ்சிக் கடைத்தெருவில் வேர்க்கடலை மண்டி வைத்திருக்கும் சிங்காரவேலு அதை ஒருமுறை சுற்றி வந்தார். கூட வந்த அவர் மனைவி கமலாம்பாள் காரைவிட்டு இறங்கவே இல்லை. பயந்த சுபாவம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான் ராஜாராம்.

“இதுக்கு முன்னாடி யாராண்ட இருந்துது?”

“முதல்ல ஒரு வெள்ளைக்காரத் துரை. யுத்தத்துல பட்டாளத்துக்குப் போச்சு. அப்புறம் மெட்ராஸ்ல, பறக்கக் கத்துக்குடுக்குற கிளப்பு. நான் அங்கதான் மெக்கானிக். கிளப்பை மூடினப்ப நானே வாங்கிட்டேன்.”

“விழுந்த வண்டின்னு சொல்றாங்களே.”

இதற்கு முன் வந்தவர்களும் இந்த இடத்தில்தான் நழுவினார்கள்.

“ஒரே தடவைங்க, அறுபத்தொண்ணுல. கத்துக்க வந்த பையன் மேல போயி வித்தை காட்டினான், விழுந்தான். வண்டியில ஒரு கோளாறும் இல்ல.”

“ஆவணி மாசம்” என்றார் சிங்காரவேலு.

“ஆமாங்க, பேப்பர்லகூட வந்துது.”

சிங்காரவேலு விலையைக் கேட்கவில்லை. இன்ஜின் மூடிமேல் கையை வைத்தபடி நின்றவர், சட்டென்று எடுத்துக்கொண்டார்.

“எனக்கு வாணாம்பா. செத்தவன் மேல பழியப் போட்டுட்டு, கெட்ட வண்டிய என் தலையில கட்டப் பாக்குற. நடுவானத்துல இது நின்னுட்டா இன்னா பண்றது?”

அவர் காரைப் பார்த்து நடந்தார். இந்த வருஷத்தில் வந்த ஒரே ஆசாமி. ராஜாராம் பின்னாலேயே ஓடினான்.

“முதலாளி, நின்னது பழைய இன்ஜினுங்க. இது புதுசு.”

சிங்காரவேலு திரும்பினார். “பழசு நின்னுதா?”

“மேல போனா திடீர் திடீர்னு நின்னுடும். மாத்தணும்னு நானே சொன்னேன். கொஞ்ச நாள் ஓடட்டும்னுட்டாங்க. அன்னிக்கும் அதான் நின்னுது.”

“அப்ப வித்தை காட்டினான்னு சொன்னது?”

“உண்மையைச் சொன்னா கிளப்பை மூடிடுவாங்களே. செத்தவன் வந்து இல்லைன்னு சொல்லப் போறானா? எல்லாருமா பேசி வெச்சு அப்படிச் சொல்லிட்டோம். அந்தப் பேச்சு இப்ப எதுக்கு? இது தங்கமா ஓடும்.”

சிங்காரவேலு மெல்லத் தலையசைத்தார். வியாபாரம் முடிந்தது என்று ராஜாராமுக்கு உயிர் வந்தது.

அவர் போய்க் கார்க் கதவைத் திறந்தார். குனிந்து, உள்ளே இருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கேட்டியா கமலம், நம்ம புள்ள மேல தப்பு இல்லியாம்.”