பக்கத்து மவுஸ்

"இன்னிக்கும் சாரு அந்தப் பையன்கிட்டயே போய் உக்காந்துட்டாரு பாரு," என்று சுகுணா வாய்க்குள்ளேயே முணுமுணுத்தாள்.

சனிக்கிழமையானால் மகன் தமிழ்மணியைக் கூட்டிக்கொண்டு மாரண்டஹள்ளியிலிருந்து பாலக்கோட்டுக்கு பஸ் ஏறிவிடுவாள். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு அங்கே ஒரு மையத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறார்கள். தமிழ்மணிக்கு வலது கை பிறந்ததிலிருந்தே வராது. இடது கை வரும், ஆனால் நடுங்கும்.

அருள்குமார் சார் வந்தவுடன் தமிழ்மணியின் கம்ப்யூட்டரில் நாலு தட்டுத் தட்டுவார். "ஓட்டுப்பா கண்ணு," என்பார். பக்கத்து மேசைக்குப் போனால் போனதுதான்.

அங்கே கோகுல்ராஜ். பத்தாவது படிக்கிற பையன். அவனுக்கும் கை நடுக்கம்தான். அவனுக்கு மட்டும் திரையில் ஓடும் அம்புக்குறியைப் பெரிதாக்குவார். வேகத்தைக் குறைப்பார், மறுபடி கூட்டுவார். "இப்ப எப்படிடா இருக்கு?" என்று கேட்டுக்கேட்டு மாற்றுவார்.

அவனுடைய அம்மா ராதிகா டவுன்காரி. புருஷனுக்கு கவர்மெண்ட் வேலை. எல்லாம் அந்தச் செல்வாக்குத்தான் என்று சுகுணா முடிவு கட்டியிருந்தாள்.

"தக்காளி சோறு கொண்டாந்தேன். கொஞ்சம் சாப்புடுங்க," என்று ராதிகா டப்பாவை நீட்டினாள்.

"வேணாங்க. வூட்லயே சாப்ட்டுட்டோம்."

சாப்பிடவில்லை. ஆனால் அவள் கொடுத்துத் தின்பதற்குப் பட்டினியே தேவலை என்று இருந்தது.

அன்றைக்கும் கோகுல்ராஜ் மவுஸை இடது கையில்தான் பிடித்திருந்தான். சரியாகவே வரவில்லை. அம்பு நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் வழுக்கி வழுக்கி ஓடியது. கடைசியில் மவுஸ் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

சுகுணாவுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. நானும் ஒரு புள்ளயப் பெத்தவதானே என்று உடனே உறுத்தவும் செய்தது. இருந்தாலும் அந்தப் பக்கமிருந்து பார்வையை எடுக்க முடியவில்லை.

அப்போதாவது சார் எழுந்து தமிழ்மணியிடம் வருவார் என்று பார்த்தாள். அவர் குனிந்து மவுஸை எடுத்து மறுபடி அவன் கையிலேயே வைத்தார்.

மதியம் பிள்ளைகள் கைகழுவப் போனார்கள். கூடவே ராதிகாவும் போனாள். சுகுணா நேரே சாரிடம் போய் நின்றாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சார். எம் புள்ளயும் புள்ளதானுங்களே? அவனுக்கு அஞ்சு நிமிசம், அந்தப் பையனுக்கு நாள் பூரா. இல்லாதப்பட்டவங்கன்னா இப்படித்தானுங்களா?"

அருள்குமார் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார்.

"தமிழ்மணி எப்படிப் பண்றானுங்க? பாத்தீங்களா?"

"பண்றான். இன்னிக்கு ஒரு வூடு வரைஞ்சு கலர் கூட அடிச்சான். அவனாத்தான் பண்றான் சார். நீங்க பண்ணது என்ன?"

"பெரிசா ஒண்ணுமில்லைங்க. எந்த வேகம் வெச்சா அம்பு நிக்கும், எந்த பட்டனை மாத்துனா எடது கைக்கு வரும்னு தெரிஞ்சுக்கிட்டு வந்து வெக்கறேன். அவ்வளவுதான்."

"அதை எம் புள்ளகிட்டயே பாத்துத் தெரிஞ்சுக்கலாமில்ல?"

"பாக்கலாங்க. ஆனா கோகுல் விடமாட்டேங்கறான்."

சுகுணாவுக்குச் சுருக்கென்றது. "அவன் யாரு சார் வேணாங்கறதுக்கு?"

"அவனுக்கு வேண்டியது எல்லாம் போன வருசமே வெச்சு முடிச்சாச்சுங்க. வலது கையில அவன் நல்லா வேகமாவே பண்ணுவான்."

"அப்பறம் எதுக்கு எடது கையில..." சுகுணா பாதியில் நிறுத்தினாள்.

அருள்குமார் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னுதான் சொல்லியிருந்தான். மொத நாள் தமிழ்மணி அம்பு நிக்கலைன்னு அழுதானில்ல, அன்னிக்கே வந்து சொல்லிட்டான்: 'எதுவா இருந்தாலும் மொதல்ல என் எடது கையில வெச்சுப் பாருங்க சார். சரியா வர்றதை மட்டும் அந்தத் தம்பிக்கு வைங்க. எனக்குத் தோத்துத் தோத்துப் பழகிடுச்சு.'"