மெயின் சுவிட்சின் பூட்டு

‘கவனக்குறைவு’ என்ற சொல்லின் மேல் வைத்த விரலை அவள் எடுக்கவே இல்லை.

அறிக்கையில் அந்தச் சொல் இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று அவள் கணவனுக்கு, இன்னொன்று அவள் தம்பிக்கு. இரண்டு பேரும் லிஃப்ட் மெக்கானிக்குகள். ஒரே லிஃப்ட் குழியில், ஒரே நிமிடத்தில் போய்ச் சேர்ந்தவர்கள்.

மின்சாரத்தை நிறுத்திப் பூட்டாமல் இறங்கினார்கள், மேலிருந்து லிஃப்ட் வந்துவிட்டது, வேறு எவர் மீதும் தவறில்லை. அறிக்கை அவ்வளவுதான். கீழே குடும்பத்தார் கையெழுத்துப் போட்டால் கோப்பை மூடிவிடலாம்.

விசாரணை அதிகாரி மூன்றாவது முறையாகப் பேனாவை அவள் பக்கம் தள்ளினார். கெட்டவரல்ல. மதியச் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்த மனிதர், அவ்வளவுதான்.

“பூட்டாம இறங்குற ஆளே இல்ல சார் அவரு. வீட்ல ஒரு பல்பு மாத்தக்கூட மெயினை ஆஃப் பண்ணிட்டு எங்க எல்லாரையும் இருட்டுல உக்கார வைப்பாரு.”

“சரிம்மா. அப்ப பூட்டு எங்க?”

இந்தக் கேள்விக்காகத்தான் அவள் காத்திருந்தாள். கணவனின் சட்டைப்பையில் இருந்தவை என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த உறையைக் கைப்பையிலிருந்து எடுத்து மேஜையில் கவிழ்த்தாள். ஒரு சீப்பு, பாதி தீர்ந்த மாத்திரை அட்டை, ஒரு சாவி.

குழியில் இறங்கும்போது ஜோடியில் மூத்தவன் மெயின் சுவிட்சை நிறுத்துவான். அதில் தன் பூட்டை மாட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் இறங்குவான். வெளியே வந்து அவனே திறந்தால்தான் லிஃப்ட் ஓடும். மற்ற நேரங்களில் அவள் கணவனின் சாவி பூட்டிலேயே தொங்கும்.

செத்தவன் சட்டைப்பையில் சாவி இருந்தது என்றால், பூட்டு சுவிட்சில் இருந்தது என்று அர்த்தம். இப்போது பூட்டைக் காணோம் என்றால், யாரோ அதை வெட்டி எறிந்துவிட்டு லிஃப்ட்டை ஓட்டியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, அந்தக் கட்டடத்துக் காவலாளிதான். மேல்மாடிக்காரர்கள் நச்சரித்திருப்பார்கள், இவன் கைவரிசையைக் காட்டியிருப்பான்.

நாற்பது நாளாக மேஜை மேஜையாக இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. எல்லாரும் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டார்கள்.

அதைவிட வயிற்றெரிச்சல், பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவனின் அண்ணன். அவரும் இதே தொழில்தான். அவள் தட்டுத் தடுமாறிச் சொல்வதையெல்லாம் அவரால் இரண்டே வரியில் விளக்கிவிட முடியும். ஆனால் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் வந்தார், கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்து போனார். கூடப்பிறந்தவனுக்காக ஒரு வார்த்தை பேசினால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்?

அதிகாரி சாவியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாப்பாட்டை மறந்துவிட்டார் போலிருந்தது.

“நீங்க சொல்றதுல விஷயம் இருக்கு,” என்றார்.

அறிக்கையைத் தன் பக்கம் இழுத்து, அந்தச் சொல்லைப் பேனாவால் அடித்தார். இரண்டு இடத்திலும் அடித்தார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. நாற்பது நாளில் முதல் தடவையாக ஒருத்தர் அவள் சொன்னதை நம்பியிருக்கிறார்.

“வெளிய இருக்குற வாட்ச்மேனைக் கூட்டிட்டு வா,” என்று அவர் வாசலில் நின்ற காவலரிடம் சொன்னார். “இனிமே அவனை விசாரிக்கிற விதமே வேற.”

கதவுக் கண்ணாடி வழியாக அவளுக்கு அந்தக் காவலாளி தெரிந்தான். ஒல்லியான ஆள். பெஞ்சிலிருந்து எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு காவலரைப் பார்த்துச் சிரித்தான். வீட்டுக்குப் போகச் சொல்கிறார்கள் என்று நினைத்திருப்பான். அவளுக்கு இரக்கம் வரவில்லை. நன்றாக வேண்டும் என்றுதான் இருந்தது.

அப்போதுதான் கருவிப் பையின் ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது.

கணவனின் அண்ணன் மேஜைமேல் ஒரு சிவப்புப் பூட்டை வைத்தார். அவள் அதைச் சட்டென்று எடுத்துத் திருப்பினாள். அடியில் நீல நகப்பூச்சில் ஒரு புள்ளி. கணவனின் பூட்டு என்று அடையாளம் தெரிய அவளே வைத்த புள்ளி.

“கிடைச்சிடுச்சா மாமா! எங்க இருந்துச்சு?”

பூட்டு வெட்டப்படவில்லை. ஒரு கீறல்கூட இல்லை.

அவர் அவள் கையிலிருந்து பூட்டை வாங்கி, தன் சாவிக்கொத்தை எடுத்து, அதிலிருந்த சாவி ஒன்றை நுழைத்துத் திருப்பினார். பூட்டு திறந்துகொண்டது.

“முந்தின நாள் அங்க வேலை பாத்தது நான்தாம்மா. அன்னைக்குக் காலைல சுவிட்சுல பூட்டைப் பாத்ததும், நான் மறந்துட்டுப் போன பூட்டுன்னு நெனச்சேன். அவங்க பத்து மணிக்குத்தான் வருவாங்கன்னு... தொறந்து பையில போட்டுக்கிட்டு, சுவிட்சைத் தட்டிவிட்டுட்டுப் போயிட்டேன். அடுத்த கட்டடத்துல பையைத் தொறந்தா ரெண்டு பூட்டு.”

காவலாளி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதிகாரி இரண்டு சாவிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பல்லுக்குப் பல் ஒன்றாக இருந்தன.

“ஒருத்தர் பூட்டை அவர் சாவி மட்டும்தானே தொறக்கணும்? இது எப்படி?”

கேள்வி கணவனின் அண்ணனுக்குத்தான். அவர் தலையைக் குனிந்துகொண்டார். நாற்பது நாளாக அவர் வாயைத் திறக்காததற்கு இன்னொரு காரணமும் இருந்தது என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

அவள் தம்பிக்குச் சாவியைத் தொலைப்பதே வேலை. ஒவ்வொரு தடவையும் பூட்டை அறுத்து எறிய வேண்டியிருந்தது. போன வருடம் அவள் பொறுமையிழந்து கடைக்குப் போனாள். ஒருத்தன் தொலைத்தாலும் இன்னொருத்தன் திறக்கட்டும் என்று, கணவனுக்கும் தம்பிக்கும் கணவனின் அண்ணனுக்குமாக, ஒரே சாவியில் திறக்கிற மூன்று பூட்டுகளைக் கேட்டு வாங்கி வந்தாள்.

“நான்தான் சார் வாங்கினேன்,” என்றாள்.