நாலு உருண்டைக் கொத்து

முழங்கால் போட்ட பிறகுதான் பார்த்தாள். இடது பக்கம் எதிர்வீட்டு நேசபாய் மயினி.

இனி எழுந்திருக்க முடியாது. திருவிருந்து வாங்கப் பீடத்தின் முன் மண்டியிட்டவள், பஸ்ஸில் மாறுவதுபோல இடம் மாறி உட்கார முடியுமா?

ஒன்பது வருடமாக இதைத் தவிர்த்து வந்திருக்கிறாள். மயினி எந்த பெஞ்சிலிருந்து எழுகிறாள், யாருக்குப் பின்னால் வருகிறாள் என்று பார்த்து, நடுவில் ஆறு பேரையாவது விட்டுவிடுவாள். ஜெபத்தில் கண் மூடியிருந்தாலும் அரைக்கண் அதற்கென்றே திறந்திருக்கும்.

இன்று பயத்தில் பார்க்க மறந்துவிட்டாள்.

நாளைக் காலை பித்தப்பைக் கல் ஆபரேஷன். சின்ன ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொன்னார். சொல்லுகிறவர் மேஜையில் படுக்கப் போவதில்லை. ஒருவேளை கண் விழிக்காமலே போய்விட்டால்? மனதில் இந்தக் கசப்போடு ஆண்டவர் முன்னால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பது?

கசப்பு என்றால், முந்திரிக்கொத்து.

ஊரெல்லாம் மூன்று பயறு உருண்டையை ஒன்றாக மாவில் முக்கிப் பொரித்துக் கொத்துப் போடுவார்கள். அவள் மட்டும் நான்கு. அம்மா வீட்டுப் பழக்கம். ஒன்பது வருடத்துக்கு முன் கிறிஸ்துமஸ் அன்று காலை, ஆறியும் ஆறாததுமாக முதல் தட்டை மயினி வீட்டில்தான் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மூன்று மணிக்கு மேலத்தெரு டீச்சர் ஒரு தட்டோடு வந்தாள்.

"நேசபாய் அக்கா குடுத்தாங்க. எங்களுக்கு அதிகம். நீங்களும் சாப்பிட்டுப் பாருங்க, நல்லாருக்கு."

மூடியிருந்த துண்டை விலக்கினாள். நான்கு நான்காக.

அன்றோடு பேச்சு நின்றது. தெருவில் மயினி கூப்பிட்டால் திரும்பமாட்டாள். எதிரே வந்து சிரித்தால் முருங்கை மரத்தைப் பார்ப்பாள். மயினி வருகிறாள் என்பதற்காகப் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தையே விட்டுவிட்டாள். மயினிக்கு உறைக்க வேண்டும் அல்லவா?

சற்று முன், பாவ அறிக்கை ஜெபத்தில், மயினியை மன்னித்தாள். லேசில் நடக்கவில்லை. முதல் தடவை பாதியில் நின்றது. இரண்டாம் தடவை அந்தத் தட்டு வந்து கெடுத்தது. மூன்றாம் தடவை ஆபரேஷன் தியேட்டரை நினைத்துக்கொண்டு, ஒரே மூச்சில் மன்னித்து ஆமென் போட்டுவிட்டாள்.

தனக்குப் பெரிய மனசுதான் என்று தோன்றியது. சம்பந்தப்பட்டவளுக்கு அது தெரியாமல் போவதுதான் கொஞ்சம் வருத்தம்.

குருவானவர் அந்தக் கோடியிலிருந்து அப்பம் கொடுத்துக்கொண்டு வந்தார். இன்னும் ஏழெட்டுப் பேர்.

மயினி தலையைத் தூக்காமல், தனக்குத்தானே பேசிக்கொள்வதுபோல முணுமுணுத்தாள்.

"நாளைக்கு ஆப்ரேசனாமே. ஆண்டவர் பாத்துக்கிடுவாருட்டி, பயப்படாத."

இதைவிட நல்ல சமயம் வராது.

"பயம் ஒண்ணுமில்ல மயினி," என்றாள் அவளும் தாழ்ந்த குரலில். "நா ஒங்கள மன்னிச்சிட்டேன்."

மயினி திரும்பிப் பார்த்தாள். மன்னிப்பு அவளைத் தொட்டதாகவே தெரியவில்லை.

"ஏட்டி, ஒனக்குக் காது கேக்கா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எழுந்தே விட்டாள்.

"ஸ்தோத்திரம்! ஐயா, இவளுக்குக் காது தொறந்துட்டு! நா மெதுவா சொன்னதுக்குப் பதில் சொல்லுதா! ஒம்பது வருசமா தெனமும் ஜெபம் பண்ணுதேன், ஆண்டவர் கேட்டுட்டாரு!"

கீபோர்டு நின்றது. யாரோ அல்லேலூயா என்றார்கள். பெண்கள் ஐக்கியம் மொத்தமும் எழுந்து நின்றது. வெள்ளிக்கிழமைதோறும் அவர்களும் அல்லவா ஜெபித்திருக்கிறார்கள்.

இந்த ஊரில் எல்லாரும் தன்னிடம் மட்டும் ஏன் கத்திப் பேசுகிறார்கள் என்று அவள் யோசித்ததுண்டு. நாகரிகம் போதாது என்று நினைத்து, அதையும் பொறுத்துக்கொண்டிருந்தாள்.

மயினி மறுபடி மண்டியிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் தாடை வரை வந்துவிட்டது. "தெருவுல கூப்பிடக் கூப்பிட நீ திரும்பாமப் போனியே, அன்னைக்கே ஒனக்காவ முழங்கால் போட்டேன். சின்ன வயசுல ஒனக்கு இப்பிடி ஆயிட்டேன்னு."

அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒன்பது வருடம் பாடுபட்டுக் காப்பாற்றிய கோபம். அதில் ஒரு நாள்கூட மயினிக்குப் போய்ச் சேரவில்லை.

குருவானவர் வந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. அப்பத்தைக் கையில் எடுத்தார்.

கையை நீட்டினால் போதும். அற்புதம் என்று ஊர் சொல்லிக்கொள்ளும். மயினி சந்தோஷமாக வீட்டுக்குப் போவாள். யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை.

அவள் கையை நீட்டவில்லை.

"ஐயா, நாங்க கடைசியில வாரோம்."

மயினியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடுவழியே நடந்தாள். இரண்டு பக்கமும் ஜனங்கள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். சாட்சி சொல்லத்தான் போகிறாள் என்று ஒருவர் மைக்கை எடுத்து நீட்டினார். வாங்கவில்லை.

வெளியே, செருப்புகளுக்கு நடுவில் மயினியை நிறுத்தினாள். சொல்ல வாயெடுத்தாள். காதுக் கம்மலைத் திருகினாள்.

மயினி பதறிப்போய் அவள் காதருகே வந்து கத்தினாள்.

"மறுபடியும் அடைச்சிட்டாட்டி?"

"இல்ல மயினி."

ஆபரேஷனே தேவலாம்.

"எனக்கு எப்பவுமே நல்லாத்தான் கேட்டுச்சு."

மயினி அவள் காதருகிலிருந்து முகத்தை விலக்கினாள்.

"ஒம்பது வருசமுமா?"

இப்போது அவள் கத்தவில்லை.