லண்டன் தம்பி

“சித்தப்பா, அப்பா போயிட்டாரு.”

போனில் பாலகணேஷின் குரல் உடைந்தது. ராஜரத்தினம் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அண்ணன் மாரிசாமியா? கல்லைத் தின்றாலும் செரிக்கும் உடம்பாயிற்றே!

“எப்பலே?”

“விடியக்காலம். நெஞ்சு கரிக்குதுன்னாரு. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. ஐஸ்பெட்டில வச்சிருக்கோம். நீங்க எப்ப வாரீக?”

ராஜரத்தினம் மனைவியைப் பார்த்தார். அழகுத்தாய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள்.

“எங்கலே வர? விமானக்காரங்க ஸ்டிரைக் இன்னும் முடியலையே. நானும் சத்யாவும் தினமும் டிக்கெட் தேடிக்கிட்டுத்தான் இருக்கோம். எந்தத் தேதியும் நிக்க மாட்டேங்குது. எடுக்க எடுக்க கேன்சலு.”

“டிவியிலயும் அதத்தான் சொல்லுதான். ஆனா அப்பாவுக்குத் தோள் குடுக்க நீங்க வேணும் சித்தப்பா. நாளைக்கு வரைக்கும்னாலும் வச்சிருக்கோம். சத்யா அக்காட்ட போனைக் குடுங்க, நான் பேசுதேன்.”

“அவ... டூட்டிக்குப் போயிருக்கா.”

ராஜரத்தினத்தின் லண்டன் பயணம் ராஜபாளையத்துக்கே தெரிந்த சங்கதி. தெரியாமல் இருந்த ஒன்றிரண்டு பேருக்கும் அவரே வலியப் போய்த் தெரியப்படுத்தியிருந்தார். மகள் சத்யப்பிரியா நர்ஸ் வேலைக்கு அங்கே போன நாலு வருஷமாக, தன் கடைக்குப் பேண்டேஜ் துணி வாங்க வருகிறவர்களுக்கு விலையைச் சொல்லும் முன்பு லண்டன் குளிரைச் சொல்வார். பாஸ்போர்ட் கைக்கு வந்த அன்றே நடை மாறிவிட்டது.

டிக்கெட் எடுத்ததும் ஊரில் மூன்று இடத்தில் ஃப்ளெக்ஸ் எழும்பியது. ‘விண்ணேறி இலண்டன் செல்லும் எங்கள் வேங்கையே!’ பின்னால் ஒரு பெரிய கடிகாரக் கோபுரம். முன்னால், அதைவிட உயரமாக ராஜரத்தினம். அத்தனையும் மாரிசாமி செலவு. மதுரைக்கு அப்பால் போயிராத மனுஷன். தம்பிக்கு ஆளுயர மாலை போட்டு, வெடி வெடித்து, கார் ஜன்னலுக்குள் தலையை விட்டுச் சொன்னார்:

“எனக்குச் செண்டு, சாக்லேட்டு ஒண்ணும் வேண்டாம்லே. போட்டோ மட்டும் அனுப்பு. நீ பாத்தா நான் பாத்த மாதிரி.”

ராஜரத்தினம் அனுப்பினார். ஸ்வெட்டரும் மப்ளருமாக ஒரு போட்டோ. அண்ணன் உடனே போன் போட்டார்.

“பின்னால ஒரே வெள்ளையா இருக்கே, அம்புட்டும் பனியா?”

“ஆமாண்ணே.”

அண்ணனிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

“சித்தப்பா, லைன்ல இருக்கீகளா? அந்தப் போட்டோவ நேத்துக்கூட டீக்கடையில ஒவ்வொருத்தருக்கா காட்டிக்கிட்டு இருந்தாரு. அங்க இப்ப மணி என்ன?”

ராஜரத்தினம் முழித்தார். அழகுத்தாய் அழுகையை நிறுத்தி, விரல்களை மடக்கிக் கணக்குப் போட்டு, உதட்டை அசைத்துக் காட்டினாள்.

“இப்பத்தாம்லே விடியுது.”

“வீடியோவுல வாங்க. அப்பா முகத்தக் காட்டுதேன்.”

“செத்த நேரம் பொறு.”

ஸ்வெட்டரை மாட்டினார். மப்ளரைச் சுற்றிக்கொண்டு சுவரை ஒட்டி நின்றார். திரையில் பந்தல் வந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. கண்ணாடிப் பெட்டி வந்தது. உள்ளே ரோஜா மாலையும் நெற்றிக் காசுமாக அண்ணன். கண்ணிமைக்கும் நேரம்தான். அதற்குள் குறுக்கே நாலைந்து தலைகள் நுழைந்தன.

“ஏலே, லண்டன் தம்பிலே!”

“பனி கொட்டுது போல. மூஞ்சியெல்லாம் நனைஞ்சு கிடக்கு பாரு.”

“அவரு அழுவுதாருலே, கூறுகெட்டவனே.”

போன் கைமாறிக் கைமாறிப் பந்தல் முழுக்கச் சுற்றியது. எல்லாரும் ராஜரத்தினத்தைப் பார்த்தார்கள். அவர் பார்க்க வேண்டிய முகம் மட்டும் திரும்ப வரவேயில்லை. ஒருவழியாகப் போன் பாலகணேஷிடமே வந்து சேர்ந்தது.

“ஏலே பாலகணேசு...” மப்ளரை இழுத்துத் தளர்த்தினார். “நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லுங்க சித்தப்பா. ஆங், மறந்துட்டேன், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிச்சு ஒட்டியாச்சு. உங்க பேரத்தான் முதல்ல போட்டிருக்கோம். ராஜரத்தினம், பக்கத்துலயே கொட்டை எழுத்துல லண்டன். வாறவிய எல்லாரும் நின்னு படிச்சிட்டுத்தான் உள்ள வாராக. என்னமோ சொல்ல வந்தீகளே?”

ராஜரத்தினம் வாயைத் திறந்தார். அழகுத்தாய் கைகூப்பினாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

“ஒண்ணுமில்ல. எனக்காகப் பாக்க வேண்டாம். இன்னைக்கே எடுத்துருங்க.”

போனை வைத்தார்.

“போயிருவோம்ங்க,” என்றாள் அழகுத்தாய். “நடந்தாவது போயிருவோம். கூடப் பொறந்த பொறப்பு.”

“எப்படிட்டி போக?”

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

வேர்வையில் ஊறிப்போன ஸ்வெட்டரை ராஜரத்தினம் கழற்றி எறிந்தார். ஸ்டிரைக் என்று சென்னை விமான நிலையத்திலிருந்தே திரும்பி, ஊருக்குள் போக வெட்கப்பட்டு இருவரும் இத்தனை நாளாக ஒளிந்துகிடக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்து மாடியறையின் ஜன்னலை ஒரு விரற்கடை திறந்தார். கீழே பஸ்ஸைத் தட்டித் தட்டிக் கண்டக்டர் கூவிக்கொண்டிருந்தார்: “ராஜபாளையம், ராஜபாளையம்! ஏறுங்க, அரை மணி நேரத்துல போயிரலாம்!”